சுவரைத் தட்டிப் பார்த்தவர்

என் மனைவியின் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. அதனால் எதுவும் மாறிவிடவில்லை. இங்கே அவருடைய பெயரை எழுதாமல் விடுவது மரியாதை கருதியன்று. அந்தப் பெயரைக் கையால் எழுதும் அளவுக்கு நான் இறங்கி வரவில்லை, அவ்வளவே.

அரியலூர் ரயில் நிலையத்துச் சிக்னல் கேபினில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த நிமிடத்தில் வந்தது, எந்த நிமிடத்தில் கடந்தது என்று எழுதி எழுதிப் பழகியவர், ஓய்வுபெற்ற பிறகும் நிமிடங்களை விடவில்லை. யார் வீட்டில் எது நடந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு?" குழந்தை பிறந்தாலும் அதுதான், ஆடு காணாமல் போனாலும் அதுதான். அண்டை வீட்டில் மாமியாரும் மருமகளும் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதாகச் சொன்னபோதுகூட, யார் முதலில் பிடித்தது என்று கேட்காமல், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று கேட்டவர் அவர்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். என் கைக்கடிகாரமும் சரியாகத்தான் ஓடியது. ஆனால் அவர் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

"ரயிலே வராத ஊரு மாப்ள ஒங்க பெரம்பலூரு. ரயில் வராத ஊர்ல மணி எப்பிடி சரியா இருக்கும்?"

"எங்க ஊர்லயும் கடிகாரம் இருக்கு மச்சான்."

"இருக்கும். லேட்டானா ஏன்னு கேக்கத்தான் ஆளு இல்ல."

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரிப்பாள். இப்படிப்பட்ட வாதங்களில் அவள் எப்போதும் அண்ணன் பக்கம்.

சட்டைப்பையில் ஒரு பஞ்சாங்கத்தை நீளவாக்கில் மடித்துச் செருகியிருப்பார். கூடவே பல் பட்ட ஒரு பென்சில் துண்டு. அவர் சோதிடர் அல்லர். எவருக்கும் ஜாதகம் பார்த்ததில்லை. பஞ்சாங்கம் அவருக்கு மற்றுமொரு கால அட்டவணை. "இதுவும் டைம்டேபிள்தான் மாப்ள. இங்கன வண்டிக்குப் பதிலா நட்சத்திரம். நாம பாக்கலேன்னாலும் அது பாட்டுக்கு அது வந்துட்டுப் போயிடும்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பொறாமையோடு கவனித்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு என் மனைவி புற்றுநோயால் இறந்தாள். கடைசி ஒரு வாரம் அவர் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். இரண்டு நாளாக அவள் சற்றுத் தெளிவாகப் பேசியதால், மாற்றுத்துணி எடுத்துவரலாம் என்று அன்று காலைதான் அரியலூருக்குப் போனார். மகள், தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். பிற்பகல் மூன்று மணிக்கு என் மனைவியின் உயிர் போனபோது வீட்டில் நான் மட்டுமே இருந்தேன்.

எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டேன். ஒரு மணி நேரம் எவருக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தது இன்னதென்று இங்கே எழுதப் போவதில்லை. முப்பது ஆண்டு மணவாழ்வில் எங்கள் இருவருக்கு மட்டுமே உரியதாக எஞ்சியது அது ஒன்றுதான்.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தேன். சற்று நேரத்தில் மகள் வந்தாள். கட்டிலருகே போய் நின்று, திரும்பி, "எப்பப்பா?" என்று கேட்டாள். "இப்பத்தாம்மா" என்றேன். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? அவளிடம் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு வேறொருவரிடம் வேறொரு நேரத்தைச் சொல்ல வழியில்லை. எஸ்டிடி பூத்திலிருந்து அரியலூருக்குப் பேசினேன். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த கடைக்காரர் அவரை அழைத்துவந்தார். சொன்னேன். பிறகு அவர் கேட்டார்:

"எத்தனை மணிக்கு மாப்ள?"

"நாலு மணிக்கு."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். இதன் எடை அப்போது எனக்குத் தெரியாது.

அவர் ஏழு மணிக்குள் வந்துவிட்டார். உடன் ஒரு கொத்தனாரும் வந்திருந்தார். கொத்தனாரின் தோளில் கடப்பாரை இருந்தது. மச்சான் தங்கையின் காலடியில் விழுந்து அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. பின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துப் பின்புறம் அழைத்துச் சென்றார்.

"மாப்ள, மூணு முப்பத்தாறு வரைக்கும் திருவோணம். அதுக்கப்புறம் அவிட்டம். நாலு மணின்னா அடைப்பு. ஆறு மாச அடைப்பு."

எங்கள் பக்கத்தில் இதை அறியாதவர் இல்லை. அவிட்டம் முதலான சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் உடலை வாசல் வழியாக எடுக்கலாகாது. சுவரை இடித்து வழிசெய்து எடுக்க வேண்டும். இறந்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். செய்யாவிட்டால் ஒரு சாவோடு நில்லாது, அந்த வீட்டில் மேலும் மேலும் தீங்கு விளையும் என்பார்கள். பெரும்பாலோர் கூரையில் இரண்டு ஓட்டைப் பிரித்து ஒப்புக்குச் செய்துவிட்டு விடுவதும் உண்டு. ஆனால் அவர் எதையும் ஒப்புக்குச் செய்கிறவர் அல்லர்.

"ஒரே ஒரு நாழிகை மாப்ள. இருபத்துநாலு நிமிசம் முன்னாடி போயிருந்தா ஒண்ணுமேயில்ல. பாவி மவ, இருந்துட்டாளே."

"இந்த வீட்டுச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன்.

"செத்தது என் தங்கச்சி."

"இறந்தது என் மனைவி. வாசல் வழியா வந்தா. வாசல் வழியாத்தான் போவா."

கொத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்துவைத்தார். மறுநாள் அவள் வாசல் வழியாகவே போனாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர்தான் போர்த்தினார். ஆனால் பாடைக்குத் தோள் கொடுக்கவில்லை. இருபதடி தள்ளி, வெறுங்காலோடு பின்னால் நடந்து வந்தார்.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் ஒரு காரியத்தைச் செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த அறைக்குள் போய், மேற்குச் சுவரை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். எதுவும் சொல்லமாட்டார். பிறகு வந்து காபி குடிப்பார்.

மூன்றாம் மாதம் என் மகனுடைய மோட்டார் சைக்கிளைச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி இடித்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். திருச்சி மருத்துவமனையில் நாற்பது நாள் கிடந்தான். அந்த நாற்பது நாளும் மச்சான் அங்கே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். அவனுக்குப் பல் துலக்கிவிட்டதும், மலஜலம் எடுத்ததும் அவர். காலை எடுக்கச் சம்மதம் கேட்டுத் தாளை நீட்டியபோது கையெழுத்துப் போட முடியாமல் நின்ற என் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டதும் அவர்தான். கையெழுத்துப் போட்டு முடித்தேன். என் கையை விட்ட அதே மூச்சில் சொன்னார்:

"மூணாவது மாசம் மாப்ள."

ஒரு மனிதனுக்கு நன்றி சொல்லவும், அதே கணத்தில் அவன் குரல்வளையை நெரிக்கவும் ஒருசேர விரும்ப முடியும் என்பதை நான் அந்த வராந்தாவில் அறிந்தேன்.

மறு ஆண்டு எங்கள் கிணறு வற்றியது. அந்தக் கோடையில் வட்டாரத்துக் கிணறுகளில் பாதி வற்றின. அவர் எங்கள் கிணற்றை மட்டும் சேர்த்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. ஒரு சாந்தி பண்ணிடலாம். வெளிய யாருக்கும் தெரிய வேணாம், நீங்க காலேசு வாத்தியாரு, கவுரவம் இருக்கு" என்றார். நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன். சுவரைத் தட்டும் ஓசை இரண்டு முறை கேட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மகளுக்கு ஒரு வரன் வந்தது. மீன்சுருட்டிப் பக்கத்துக் குடும்பம். பையன் ஆசிரியர், இருவரும் ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்துப் பேசியிருந்தார்கள். மகள் அதை என்னிடம் சொன்ன விதத்திலேயே, அவள் தாய் இறந்தபின் முதன்முறையாக, அந்த வீட்டில் நல்லது ஒன்று நடக்கப்போகிறது என்று நம்பினேன். நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். வழக்கப்படி பையன் வீட்டார் பெண்ணின் தாய்மாமனைப் பார்க்க அரியலூருக்குப் போனார்கள். திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. நான்கு நாள் கழித்து, பையனுக்கு இப்போது கல்யாணத்தில் எண்ணமில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

நான் அரியலூருக்குப் போனேன். அவர் முற்றத்தில் சின்ன வெங்காயத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். தாயி எப்ப போச்சு, எப்பிடிப் போச்சுன்னு கேட்டாங்க. அடைப்பு கழிச்சாச்சான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்."

"அவ உங்க தங்கச்சி பொண்ணு."

"அதனாலதான் மாப்ள. மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கி அந்த வூட்ல ஒண்ணுன்னா, ஒங்க பொண்ணு காலடிதான்னு சொல்லி அவளப் போட்டு வதைப்பானுங்க. நேரத்த மாத்திச் சொல்ல எனக்குத் தெரியாது."

நேரத்தை மாற்றிச் சொன்னவன் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "மூன்று மணி" என்ற இரண்டு சொற்கள் என் நாவின்மேல் இருந்தன. சொல்லியிருந்தால் அவரே அடுத்த பஸ்ஸில் மீன்சுருட்டிக்கு ஓடியிருப்பார். நான் சொல்லவில்லை. என் மகளை ஒரு நட்சத்திரக் கணக்கைக் காட்டி மீட்பது என்பது அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் அது. உண்மையில், அந்த ஒரு மணி நேரத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. அன்று முதல் நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

அவர் வருவதை நிறுத்தவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் என் மகளுக்குச் சேலையும் மஞ்சள் கொத்துமாக வந்தார். நாற்காலி போட்டேன், காபி கொடுக்கச் சொன்னேன், ஒரு சொல் பேசவில்லை. அரியலூர் தனி மாவட்டமான ஆண்டில், "இப்ப நாங்களும் ஜில்லாதான் மாப்ள" என்று சிரித்தார். அடுத்த ஆண்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டபோது, "போயி ஒரு வருசம் இருந்துட்டு வந்துட்டோம்" என்றார். அவரே கேள்வி கேட்டு, அவரே பதில் சொல்லி, சுவரைத் தட்டிவிட்டுப் போனார். பழிவாங்குவதற்குப் பேசாமலிருப்பதைவிடச் சிறந்த கருவி இல்லை என்று நான் அக்காலத்தில் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவருடைய மனைவி இறந்தார். துக்கத்துக்குப் போனேன். சதய நட்சத்திரம், அதுவும் ஆறு மாத அடைப்பு. அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டே அறையுள்ள வீடு அது. அறைச்சுவரில் ஆள் உயரத்துக்கு வழி இடித்து உடலை எடுத்தார்கள். கடப்பாரையின் முதல் குத்தை அவரே குத்தினார். அறையைப் பூட்டினார். ஆறு மாதம் முடியும்வரை இடித்த வழியைப் பூசலாகாது என்று எவரோ சொன்னதையும் ஏற்று, கீற்றும் முள்ளும் வைத்து அதை மறைத்தார். மிஞ்சிய அறையில் அவரும் அவர் மகனும் கருவுற்றிருந்த மருமகளும் படுத்தார்கள்.

ஐந்தாம் மாதம், மழைக்காலத்தில், கட்டுவிரியன் ஒன்று அந்த முள்ளைக் கடந்து பூட்டிய அறைக்குள் வந்து, கதவின் அடியால் வெளியேறி, விடியற்காலையில் மருமகளைக் கடித்தது. அவள் பிழைத்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அவளை நேராகத் திருப்பூருக்கு அழைத்துப்போன மகன் திரும்பி வரவேயில்லை.

செய்தி கேட்டு நான் வருந்தினேன். வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அன்று இரண்டு வேளையும் வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்தடுத்த இரண்டு பொங்கலுக்கும் அவர் வரவில்லை. அதன்பின், இரண்டாயிரத்து ஏழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். மெலிந்திருந்தார். அறைக்குள் போகவில்லை, சுவரைத் தட்டவில்லை. என் எதிரே உட்கார்ந்து இரு கைகளையும் முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். மகள் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நீங்க படிச்சவரு. என்கூடப் பேச வேணாம். இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க செய்யல, ஒங்க வூட்ல வந்துச்சு. சரி. நான் எல்லாம் செஞ்சேன். ஒரு நிமிசம் தப்பாம செஞ்சேன். எங்க வூட்லயும் ஏன் வந்துச்சு?"

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"ஒங்க வூட்ல பட்டதப் பாத்துத்தான் அவ்ளோ கறாரா நின்னேன். புள்ளத்தாச்சி இருக்குற வூடு, ஓட்டைய அடைச்சிடலாம்ப்பான்னு மவன் கெஞ்சுனான். மாமா பட்டாருல்லடா, பாத்தல்லன்னு ஒங்களத்தான் சொன்னேன். எங்க மாப்ள தப்பு பண்ணேன்?"

எட்டு ஆண்டுகளாக நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு கல்லின்மேல். அந்தக் கல் என் வீடு. அதை உருவ எனக்கு இரண்டு சொற்கள் போதும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் பேசும் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உங்க தங்கச்சி நாலு மணிக்குச் சாகல. மூணு மணிக்குப் போயிட்டா. ஒரு மணி நேரம் நான் யாருக்கும் சொல்லல. திருவோணம். இந்த வீட்டுக்கு அடைப்பே கிடையாது."

அவர் என்னையே பார்த்தார். உதடுகள் எதையோ கணக்கிட்டன. அந்த முகம் நொறுங்குவதைப் பார்க்க நான் ஆயத்தமாக இருந்தேன்.

முகம் மலர்ந்தது.

"மூணா? நெசமாவா மாப்ள? அப்ப பாப்பா மேல ஒரு குத்தமும் இல்ல!" எழுந்தேவிட்டார். "ஒண்ணுமே இல்ல! நான் நாளைக்கே மீன்சுருட்டிக்குப் போயி, நாந்தான்யா தப்பா சொல்லிட்டேன்னு அவங்க கால்ல விழுந்துடறேன். அந்தப் பய…"

அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. அது அவருக்கும் தெரியும். பாதியில் நிறுத்தினார். மெதுவாக உட்கார்ந்தார். அதன்பிறகுதான் மற்றது அவரை வந்தடைந்தது.

"அப்ப… எங்க வூட்டுச் சுவர…" என்றார்.

கதவருகே மகள் காபித் தம்ளர்களோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வந்து ஒரு தம்ளரை மாமாவின் முன்னால் வைத்தாள். மற்றொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

"இது உங்களுக்கு மொதல்லருந்தே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"மீன்சுருட்டிக்காரங்க வேணாம்னப்ப?"

"தெரியும்."

"நான் ராத்திரியெல்லாம் அழுதுட்டுக் கெடந்தேனே, அப்ப?"

நான் அவர் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். சொன்னவர் அவர், கெடுத்தவர் அவர் என்று இரண்டு வாக்கியம் வரை வந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. தம்ளரைச் சன்னலில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சேலை மாற்றி, பையோடு வந்தாள்.

"வாங்க மாமா. நாளைக்கு லீவு போட்டுக்கறேன். நான் உங்களோட வரேன்."

"வேணாம் பாப்பா, நான் போயிக்குவேன்."

"எந்திரிங்க."

அவர் எழுந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்:

"அப்பாவுக்குச் சாப்பாடு?"

"போட்டுச் சாப்ட்டுக்குவாரு" என்றாள்.